சின்ன ள, பெரிய ள

ஜூலை 14, திங்கள்

ஒரு ள சின்னதாக இருந்தது. பக்கத்துச் சீட்டில் அதே ள பெரியதாக இருந்தது.

ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டு ஒழுங்காக அச்சாகிறதா என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை. கொஞ்சம் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். இரண்டில் சௌ என்று தொடங்கும் பேர். ஒன்றில் சௌடப்பன், இன்னொன்றில் சௌந்தரம். சௌடப்பன் சீட்டில் சௌ எழுத்தின் பின்னால் வரும் ள குள்ளமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சௌந்தரம் சீட்டில் ந, த, ர எல்லாவற்றோடும் சரிக்குச் சரி உயரமாக நிற்கிறது. வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

பிரகதீஷ் அண்ணாவிடம் காட்டலாம் என்று எழுந்தேன். காதில் ஹெட்போன் போட்டிருந்தார். எழுந்தது எழுந்தாகிவிட்டது என்று தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை என்பதால் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போட்டேன். அது ஒன்றுதான் இந்த ஆபீஸில் ஒழுங்காக நடக்கிற காரியம். நான் செய்வதால் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நூல் கடைக்காரர் கொடுத்த டைரியில் பாதி வருஷம் வெறுமையாகப் போய்விட்டது. இனியாவது ஒழுங்காக எழுத வேண்டும்.

பவானியில் அந்த நூல் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். முதலாளி மகுடேஸ்வரன் சார். புரோகிராம் எழுதுவது பிரகதீஷ் அண்ணா. மூன்றாவது ஆள் நான். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குமாரபாளையம். அங்கே ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்த சாஃப்ட்வேர் ஓடுகிறது. அவர்களுடைய பழைய நோயாளி அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். பிளஸ் ஒன்னில் நின்றுவிட்ட பிறகு தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன். அதை வைத்துக் கிடைத்த வேலை.

ஏன் நின்றேன் என்று சார் சேரும்போதே கேட்டார். "லேப்ல ஒரு பிரச்சனைங்க" என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஸ்கூலில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட 'உள்ளேன்' சொல்ல மாட்டேன், கையை மட்டும் தூக்குவேன். டீச்சர் நிமிர்ந்து பார்க்காவிட்டால் ஆப்சென்ட். என்னைப் பார்த்துப் பேர் வைத்தார்களா, வைத்த பேரைப் பார்த்து நான் இப்படி ஆனேனா என்று அம்மா கேட்கும். என் பேர் மௌனிகா.

சாருக்கு அதுவே போதும். இன்றைக்கும், "அம்மிணி, ஃபோன் அடிக்குது பாரு. எடுத்து உம்பட பேரை மட்டும் சொல்லு, மீதி அவங்களே புரிஞ்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

வேலை போனால் அம்மாவோடு தறிப்பட்டறைக்குப் போய்த் தார் சுத்த வேண்டும், தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலைக் குச்சியில் சுற்றுகிற வேலை. அதில் பேசவே வேண்டியதில்லை. தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. ஆனால் எனக்கு அது வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

டைப்பிங் இல்லாத நேரத்தில் புரோகிராமைப் படித்துப் பார்க்கலாம் என்று அண்ணா சொல்லியிருக்கிறார். செல்போனில் வீடியோ பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வீடியோவில் வருகிற புரோகிராம் புரிகிறது. அண்ணாவுடையது புரியவில்லை. எதற்கும் சரியான பேர் கிடையாது. a, aa, aaa. நோயாளியின் பேர் aa-வில் இருக்கிறது. மருந்தின் பேரும் வேறொரு இடத்தில் aa-வில் இருக்கிறது. ஃபைல்களுக்கு 'புதுசு', 'புதுசு2', 'இதான் புதுசு' என்று பேர். எது ஓடுகிறது என்று கேட்டால் 'புதுசு2' என்கிறார்.

ஒரு இடத்தில் 'இதைத் தொடாதே' என்று எழுதி வைத்திருந்தார்.

"ஏனுங்ணா தொடக் கூடாது?" என்று கேட்டேன். கேட்டதே பெரிய காரியம்.

"தெரியல. எழுதினப்ப தெரிஞ்சுது."

எழுதின ஆளுக்கே பாதை தெரியாத காட்டில் நான் எங்கே போவது? தண்ணீர் கேனை மாற்றி வைத்தேன். சாயங்காலம் பஜ்ஜி வாங்கி வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் நாள் முழுக்கக் கத்தியது. இதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 21, திங்கள்

பேக்கப் எடுத்தேன். அன்றைய புரோகிராம், அன்றைய டேட்டா, இரண்டையும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். "இவ்வளவு சேர்த்து வெச்சு என்ன பண்ணப் போற?" என்று அண்ணா கேட்டார். எனக்கும் தெரியாது.

சீட்டில் தேதிக்குக் கீழே டாக்டர் பேர் வர வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். "இன்னிக்கே பண்ணிக் குடுத்தர்றோம்ங்க" என்று சார் சொல்லி வைத்தார். அண்ணா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றி ஏற்றிவிட்டார். டாக்டர் பேர் வந்தது, தேதி போய்விட்டது. மறுபடி ஃபோன். மறுபடி மாற்றினார். ஒரு தடவை அச்செடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தால் நடந்திருக்காது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருந்தால் பார்த்திருப்பேன். கேட்காமலும் பார்த்திருக்கலாம், அது வேறு.

ஜூலை 22, செவ்வாய்

எழுத்துக் கோணலாக வருகிறது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். சௌந்தரம், நெசவாளர் காலனி. போட்ட கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வீங்கி மூச்சு இழுத்துக்கொண்டதாம். மாற்று மருந்து கொடுத்து ஈரோட்டுக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் பேசினாராம், காப்பி கேட்டாராம். பிழைத்துக்கொண்டார்.

அந்த மருந்து அவருக்கு ஆகாது என்று பழைய அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'ஆகாத மருந்து' என்ற கட்டத்தில் நான்தான் டைப் செய்தேன். பேரைத் தேடி எடுத்தால் அந்த வரி சிவப்பாக வரும். இன்றைக்கு அவர் அட்டையை எடுத்து வர மறந்திருக்கிறார். வரவேற்பில் இருக்கும் திலகா அக்கா பேரைத் தேடி எடுக்காமல் புது நோயாளி என்று பதிந்துவிட்டார்களாம். புதுப் பதிவில் சிவப்பு வரி எப்படி இருக்கும்?

"சோம்பேறித்தனம். தேடறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?" என்று சார் சொன்னார்.

ஜூலை 23, புதன்

திலகா அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. ஃபோனில் அட்டை எண் சரிபார்க்கும்போது பேசிப் பழக்கம். பேசுவது அவர், கேட்பது நான். இன்று அழுதுகொண்டே கூப்பிட்டார்.

"மௌனி, நான் தேடினேன் புள்ள. எங்கொழந்த மேல சத்தியமா. ரெண்டு தடவ போட்டேன். இல்லைன்னுதான் வந்துது. அந்தம்மா, 'நான் வருசா வருசம் வர்றவ கண்ணு'ங்குது. இங்க பதிவு இல்லைங்குது. பின்னாடி கூட்டம் நிக்குது. நான் என்ன பண்றது?"

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். என்னால் எடுத்துச் சொல்ல முடியாது, அவரே சொல்லட்டும் என்று.

அண்ணா உடனே பார்த்தார். அட்டை எண்ணைப் போட்டு அந்த அம்மாவின் பழைய பதிவைத் திறந்தார். அதிலிருந்து பேரைக் காப்பி செய்து தேடும் இடத்தில் ஒட்டினார். தட்டினார். வந்தது.

"வருதே!" என்றார்.

"வருதில்ல? அப்பறம் என்ன?" என்றார் சார். ஃபோனில் திலகா அக்கா, "எனக்கு வரலைங்க சார்" என்றார். "அப்படித்தானுங்கம்மா சொல்லுவீங்க" என்று சார் மரியாதையாகவே சொன்னார்.

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. திலகா அக்கா காப்பி செய்து ஒட்டவில்லை. அவர் தன் விரலால் அடித்தார். அவர் எப்படிச் செய்தாரோ அப்படிச் செய்து பார்த்தால்தானே அவருக்கு என்ன வந்தது என்று தெரியும்? எதை நிரூபிக்க வேண்டுமோ அதிலிருந்தே எடுத்து அதிலேயே ஒட்டிவிட்டு 'வருதே' என்றால்?

இதை இங்கே முழு வாக்கியமாக எழுத முடிகிறது. அங்கே, "அண்ணா..." என்றேன். "ம்?" என்றார். "ஒன்னுமில்லீங்ணா" என்றேன்.

என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஜூலை 24, வியாழன்

சின்ன ள, பெரிய ள. அதுதான்!

காலையில் சீக்கிரம் போய்விட்டேன். திலகா அக்கா ஆங்கில எழுத்தில் அடிப்பவர். எஸ், ஏ, யூ என்று அடித்தால் சௌ தானாக வந்துவிடும். அதேபோல் அடித்துத் தேடினேன். திலகா அக்கா அன்றைக்குப் போட்ட புதுப் பதிவு மட்டும் வந்தது. பழைய பதிவு இல்லை. பிறகு கீபோர்டை டைப்ரைட்டர் முறைக்கு மாற்றி, எனக்கு எப்படி வருமோ அப்படி அடித்தேன். நெசவாளர் காலனி சௌந்தரம் வந்தார்.

டைப்ரைட்டரில் ஔகாரத்துக்குத் தனிச் சாவி கிடையாது. கொம்பு, ச, அப்புறம் ள. இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காகிதத்தில் அது சௌ. எல்லாரும் சௌ என்றுதான் படிப்பார்கள். கம்ப்யூட்டர் மட்டும் அதைச் 'செ' என்றும் 'ள' என்றும் இரண்டாகப் படிக்கிறது. திலகா அக்கா அடிப்பது ஒரே எழுத்து. சின்ன ள அவருடையது, பெரிய ள என்னுடையது. படிக்க ஒன்று, உள்ளே வேறு.

ஆக, நான் டைப் செய்து ஏற்றிய சௌந்தரம், சௌடம்மாள், கௌசல்யா, கௌதமன் ஒருவரையும் திலகா அக்காவால் தேடி எடுக்க முடியாது. இந்தப் பக்கமெல்லாம் சௌடேஸ்வரி கும்பிடுகிறவர்கள். எத்தனை சௌடப்பன், எத்தனை சௌடம்மாள்!

நான் தப்பாக டைப் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். பரீட்சையில் அதற்குத்தான் மார்க் போட்டார்கள்.

அண்ணா வந்ததும் சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். வந்தார். சொல்ல வரவில்லை. என் நாற்காலியிலிருந்தே வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன்தான் இருக்கிறது. அவர் ஃபோனை எடுத்துப் படித்தார். கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "நெஜமாவா?" என்றார்.

பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். சௌந்தரம் என்று தேடினால் இரண்டு விதமாகவும் தேடு என்று ஒரு வரி சேர்த்திருந்தார். சௌந்தரத்துக்கு மட்டும்.

"கௌசல்யா வந்தாங்கன்னா?"

"அதுக்கும் ஒரு வரி போட்டுக்கலாம்."

"சௌடம்மாளுங்ணா?"

"ஏம்புள்ள, நாலு ஆஸ்பத்திரிக்கும் ஒரு அரிசி மண்டிக்கும் நான் ஒருத்தன் எழுதறேன். உனக்கு அவ்வளவு தெரிஞ்சா நீயே எழுதேன். டேட்டாவையே மாத்திப் போடு. ஒரேயடியா முடிஞ்சுது."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். நானே எழுதேன் என்று.

ஜூலை 25, வெள்ளி

எழுதினேன். கொம்பும் ள-வும் சேர்ந்து எங்கே வந்தாலும் அதை ஔகாரமாக மாற்று. ஒரே வரி. என் முதல் புரோகிராம். அதற்கு aa என்று பேர் வைக்கவில்லை.

"முதல்ல எங்க போட்டுப் பாக்கறதுங்ணா?"

"நேரா ஆஸ்பத்திரியிலயே போடு. சார் கேட்டுட்டே இருக்காரு."

போட்டேன். எஸ், ஏ, யூ அடித்துத் தேடினேன்.

வந்தது. சௌந்தரம் வந்தார். கௌசல்யா வந்தார். சௌடப்பன்கள் வரிசையாக வந்தார்கள். சீட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி சின்ன ள. வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். ஆடித் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு அல்வா வாங்கிப் போனேன். எதற்கு என்று கேட்டது. சும்மா என்றேன்.

ஜூலை 26, சனி

"ஏம் மௌனி, வெள்ளியங்கிரி எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

திலகா அக்காவின் ஃபோனோடுதான் விடிந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளியங்கிரியில் கொம்பு இருக்கிறது, பக்கத்திலேயே ள இருக்கிறது. அது ஔகாரம் இல்லை. வெறும் வெ, வெறும் ள். என் புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லையே. இந்தக் கொங்கு நாட்டில், வீட்டுக்கு ஒரு வெள்ளியங்கிரி இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒரு வெள்ளியங்கிரிகூட நினைவுக்கு வரவில்லை. சௌந்தரம் வருகிறாரா என்று மட்டும் பார்த்தேன். வேறு யாராவது காணாமல் போனார்களா என்று பார்க்கவில்லை.

எல்லாரும் வௌ்ளியங்கிரி ஆகிவிட்டார்கள். திரையில் நடுவில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கிறது. வெள்ளையம்மாள் போய்விட்டார். தெளிவான் போய்விட்டார். சீட்டின் தலைப்பில் 'வெளிநோயாளி' என்று இருக்கும் பாருங்கள், அதுவும் போய்விட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் தலையிலேயே வட்டம்.

"ஒரு தாத்தா சீட்டைத் திருப்பித் தந்துட்டாரு புள்ள. 'எம்பேருக்குள்ள யாரு முட்டை போட்டது'ங்கறாரு."

அவர் சிரித்தார். அந்த நிலைமையிலும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

அண்ணா முதலில் கேட்டது, "மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தியா?" திங்கட்கிழமைதான் எடுப்பேன். வெள்ளிக்கிழமை எடுக்கவில்லை. திங்கள் பேக்கப்பைத் திரும்பப் போட்டால் நடுவில் வந்த நோயாளிகள் எல்லாரும் அழிந்துவிடுவார்கள். அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். 'நீங்கதானே நேரா போடச் சொன்னீங்க' என்று நாக்கு நுனி வரை வந்தது. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. ஒன்றும் திட்டவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஞாயிறு என்றாலும் போனேன். அண்ணாவும் வந்திருந்தார்.

ஔகாரத்துக்குப் பின்னால் தமிழில் புள்ளி வராது, கொம்பு வராது, சுழி வராது. வந்திருந்தால் அது நான் கெடுத்தது. அதை மட்டும் தேடிப் பழையபடி மாற்றினால் வெள்ளியங்கிரி திரும்பி வருவார். இதை அண்ணாவிடம் வாயால் சொன்னேன். வாட்ஸப் இல்லை.

இந்தத் தடவை டேட்டாவை ஒரு நகல் எடுத்து, என் கம்ப்யூட்டரில் போட்டு, அதில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஃபைலில் பேர்களாக எழுதினேன்: வெள்ளியங்கிரி, சௌந்தரம், தெளிவான், கௌசல்யா, வெளிநோயாளி, மௌனிகா. புரோகிராமை மாற்றும்போதெல்லாம் இவர்கள் எல்லாரும் கெடாமல் இருக்கிறார்களா என்று அதுவே பார்த்துச் சொல்லும்படி அண்ணா ஒரு வழி செய்து கொடுத்தார். முதலில் தெளிவான் தப்பாக வந்தார். சரி செய்தோம். பிறகுதான் ஆஸ்பத்திரியில் ஏற்றினோம்.

இன்னொன்றும் அண்ணா சொன்னார். டேட்டாவையே மாற்றச் சொன்னது தப்பு. ஆட்கள் எழுதியதை எழுதியபடி விட்டுவிட்டு, தேடும்போது மட்டும் இரண்டு சௌ-வையும் ஒன்றாகப் பார் என்று புரோகிராமுக்குச் சொல்லியிருந்தால் போதும். நாளை மூன்றாவதாக ஒரு விதமாக யாராவது டைப் செய்தாலும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம்.

"இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்ணா?"

"காலேஜ்ல படிச்சதுதான். இங்க வந்து முதல் மாசம் அப்படித்தான் எழுதினேன். எல்லாம் இன்னிக்கே வேணும்னா என்ன பண்றது? ஒவ்வொன்னா விட்டாச்சு" என்றார். பிறகு 'இதைத் தொடாதே' என்ற இடத்தைத் திறந்து, இருவருமாக உட்கார்ந்து, அது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்தோம். ஒன்றுமே செய்யவில்லை. அழித்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

டாக்டரம்மா நேற்று அவரே கவுண்டரில் உட்கார்ந்து 'சௌந்தரம்' என்று அடித்துப் பார்த்தாராம். வந்ததாம்.

வராமல் என்ன? நாங்கள்தான் சரி செய்துவிட்டோமே!

"வருதே. அப்பறம் எதுக்கு வரலைன்னு சொன்ன? தேடலைன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். பொய் சொன்ன பாரு" என்று திலகா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பத்தாம் தேதியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் சரி செய்தது திலகா அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டது.

சார் ஏற்கெனவே எழுத்தில் கொடுத்திருக்கிறார். சாஃப்ட்வேரில் குறை எதுவும் இல்லை, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு என்று. எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 30, புதன்

தலைவலி. தண்ணீர் கேன் வரவில்லை. கீழே போய்ப் பிடித்து வந்தேன்.

ஜூலை 31, வியாழன்

திலகா அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். இடுப்பில் குழந்தை.

"மௌனிதானே? பாத்த ஒடனே தெரிஞ்சுது, இப்படித்தான் இருப்பேன்னு" என்றார். குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "வேலை போனாப் போகுது புள்ள. பொய் சொல்லி நின்னவன்னு ஆகிப்போச்சு. இந்த ஊர்ல இனி எந்த ஆஸ்பத்திரில என்னை உக்கார வெப்பாங்க? வெள்ளியங்கிரியக் காணோம்னதும் அடுத்த நாளே சரி பண்ணினீங்கல்ல, அப்ப உள்ள என்னமோ இருந்துதுதானே? உனக்குத் தெரியும்ல?"

பஸ் வந்துவிட்டது. குழந்தை என் துப்பட்டாவைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாரிடம் சொன்னேன். பாதி சொன்னேன். மீதியை அவரே சொல்லிவிட்டார். அண்ணா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

"உக்காரு அம்மிணி. நான் என்ன கெட்டவனா? அந்தப் புள்ளய நினைச்சா எனக்கும் சங்கடமாத்தான் இருக்குது. ஆனா நாம போய், எங்க சாஃப்ட்வேர்ல தப்புங்கன்னு சொன்னா, அடுத்து என்ன கேப்பாங்க? அந்த அட்டையெல்லாம் அப்படி அடிச்சது யாருன்னு கேப்பாங்க. நான் யாரச் சொல்றது? உன்னயத்தான் சொல்லணும். அந்த ஆஸ்பத்திரி போனா நீயும் இல்ல, உம்பட நாற்காலியும் இல்ல. பேசாம இரு. உனக்கு அதுதான் நல்லா வருமே."

கடைசியில் சொன்னது கிண்டல் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. அம்மா தாலிச்சரடு மாற்றிக்கொண்டது. நான் தேங்காய்ச் சாதம் கட்டி எடுத்துப் போனேன். உப்புக் கம்மி.

படியில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா கேட்டது, "ஒரு வாரமா என்ன, மூஞ்சியே சரியில்ல? மறுபடியும் யாராவது ஏதாவது சொன்னாங்களா? ஸ்கூல்ல மாதிரி?"

இல்லை என்றேன். என்னை ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒருவரைச் சொல்கிறார்கள்.

"அப்பவே வாயைத் தொறந்து, நான் ஒடைக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னேரம் காலேஜ் போயிருப்ப" என்றது அம்மா. எப்போதும் சொல்வதுதான். குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டு மீதியைத் தண்ணீரில் கழுவியது.

ஸ்கூல் லேபில் அந்தக் குடுவையை நான் உடைக்கவில்லை. திலகா அக்கா தேடாமல் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் பேக்கப் எடுக்கப் பென் டிரைவைச் செருகினேன். போன போன திங்களெல்லாம் தேதி வாரியாக வரிசையாக இருந்தன. ஜூலை 21-ஐத் திறந்தேன். அன்றைய புரோகிராம், அன்றைய டேட்டா. யாரும் எதையும் சரி செய்வதற்கு முந்தைய நாள்.

என் கம்ப்யூட்டரில் ஏற்றி, எஸ், ஏ, யூ அடித்தேன். பதிவு இல்லை.

அண்ணா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. "இதை எங்க கொண்டு போகப் போற, இந்தப் பெட்டியத் தலையில தூக்கிட்டா?" என்றார். பிறகு தன் லேப்டாப்பில் அதை ஏற்றி, மடக்கி, என் மேஜைமேல் வைத்தார். "சார்ஜ் ஃபுல்லா இருக்கு."

"சார் வந்தா?"

"குமாரபாளையம் போயிருக்கான்னு சொல்றேன். நெஜம்தானே?"

பாலத்தின்மேல் நடந்தே போனேன். பஸ்ஸில் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்பேன், அதனால்தான் நடந்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம். கவுண்டரில் திலகா அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் டோக்கன் ஒன்று கிழித்துக் கொடுத்தார். எனக்கு முன்னால் ஒரு வெள்ளியங்கிரி இருந்தார். முறை வந்ததும் உள்ளே போனேன்.

"என்னம்மா, என்ன பண்ணுது?" என்றார் டாக்டரம்மா.

லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தது ஒன்றும் வரவில்லை. "சௌந்தரம்னு தேடுங்க டாக்டர். நீங்களே அடிங்க. இது அந்தம்மா வர்றதுக்கு முந்தின நாள் இருந்தது" என்பது மட்டும் வந்தது.

அடித்தார். பதிவு இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்தைப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி அடித்தார். பதிவு இல்லை. நான் கைநீட்டி அட்டை எண்ணைப் போட்டேன். சௌந்தரம் வந்தார், நெசவாளர் காலனி, கீழே ஆகாத மருந்து சிவப்பாக.

டாக்டரம்மா அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியை அழுத்தி, "திலகாவ வரச் சொல்லு" என்றார். திலகா அக்கா வந்து கதவோரம் நின்றார். டாக்டரம்மா இன்னும் திரும்பவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"பேரு இருக்குது, ஆனா வரல. இந்த அட்டையெல்லாம் டைப் பண்ணினது யாரு?"

என் வலது கையைப் பாதி தூக்கியிருந்தேன். இறக்கிக்கொண்டேன். "நான்தாங்க டாக்டர், மௌனிகா" என்று சொன்னேன்.